முகவரி நோட்டு: ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்தோடு பேசுவது பற்றி



ஆண்டுதோறும் இந்த நினைவுச் சொற்பொழிவில் கவிதை, நாவல், வரலாறு என்று பேசுவதுதான் வழக்கம். இந்த முறை கம்ப்யூட்டர் பேசப்போகிறீர்களாமே என்று மூத்த தோழர்கள் சிலர் போனில் கேட்டார்கள். ஆமாம், அதைத்தான் பேசப்போகிறோம். ஆனால் தோழர் வைத்திருந்த ஒரு நோட்டிலிருந்து தொடங்குகிறோம்.

அவர் நடத்திய சிற்றிதழைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேராவது இருப்பீர்கள். இதழைப் பார்த்தவர்களுக்கு அந்த நீள நோட்டும் தெரியும். சந்தாதாரர் முகவரிகள் முழுக்க அதில்தான் இருந்தன. வீடு மாறியவர்களின் முகவரியை அடித்துவிட்டு மேலேயே புதியதை எழுதியிருப்பார். ஒருமுறை, ஒரு கோயில் நுழைவுப் பிரச்சினையைப் பற்றிய இதழை அச்சடிக்க முடியாது என்று அச்சகக்காரர் கையை விரித்துவிட்டார். ஊர்க்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். தோழர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறொரு ஊர் அச்சகத்துக்குப் போனார். இதழ் பதினைந்து நாள் தாமதமாக வந்தது. ஆனாலும் ஒரு வாசகர்கூடக் குறையவில்லை. அச்சகம் மாறியது, நோட்டு அவர் பையிலேயே இருந்தது.

போன ஆண்டு நம் மன்றத்தின் பக்கம் ஒரே இரவில் காணாமல் போனபோது நம் கையில் அப்படி ஒரு நோட்டு இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் ஒன்பது ஆண்டுகளாக வைத்திருந்த பக்கம் அது. மயானப் பாதை கேட்டு நடந்த போராட்டத்தின் படங்கள் அதில் இருந்தன. பறையடிக்கும் பெரியவர்களின் பேட்டிகளும், இந்த மேடையில் பேசப்பட்ட உரைகளும் இருந்தன. அந்தப் பெரியவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களின் குரல் வேறெங்கும் இல்லை. வந்த அறிவிப்பில் வெறுப்புப் பேச்சு என்று ஒரு வரி காரணம் சொல்லியிருந்தார்கள். நடந்தது என்னவென்றால், தன்னைச் சாதி சொல்லித் திட்டியதாக ஒரு அக்கா போலீசில் கொடுத்த புகாரை அப்படியே போட்டிருந்தோம். திட்டியவன் பயன்படுத்திய சொல் புகாரில் இருந்தது. திட்டியவனின் கணக்கு இன்றும் இருக்கிறது. மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினோம். முடிவு மாறாது என்று மறுநாள் பதில் வந்தது.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையிலிருந்து ஒரு இதழ் தொடங்கினார். பெயர் ‘பறையன்’. வசவாகச் சொல்லப்பட்டதை இதழின் தலைப்பாக நிமிர்த்தி வைத்தார். இன்று அதே பெயரில் ஒரு பக்கம் தொடங்கினால் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சொல்லை மட்டும் பார்த்து, சொல்பவர் யார் என்று பார்க்கத் தெரியாத எந்திரத்திடம் நம் வரலாற்றைக் கொடுத்துவைத்திருக்கிறோம்.

எந்திரத்தை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. 2018 நவம்பரில் ட்விட்டரின் அன்றைய தலைவர் ஜாக் டோர்சி டெல்லிக்கு வந்திருந்தபோது, பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்கு என்ற பொருளில் எழுதிய ஒரு சுவரொட்டியைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். அதை வரைந்தவர் தேன்மொழி சௌந்தரராஜன். பெரிய கூச்சல் எழுந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்குக் கட்டுப்படுத்தப்பட்டபோது, நீலக் குறி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்ற கேள்வியைத் தலித், பகுஜன், ஆதிவாசித் தோழர்கள் நாடு முழுவதும் எழுப்பினார்கள். அதே நாட்களில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கும் நிறுத்தப்பட்டது. நாஜி சல்யூட் வைக்க மறுத்துக் கைகட்டி நிற்கும் ஒரு தொழிலாளியின் பழைய படத்தை வைத்திருந்தது ஒரு காரணம். அந்த வாரத்தில்தான் இந்தியாவில் பலர் முதன்முதலாக மாஸ்டடான் என்ற பெயரைக் கேட்டார்கள். நம்மில் சிலரும் போய்க் கணக்குத் தொடங்கினோம். இரண்டு வாரம் இருந்தோம். அங்கே யாரும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டோம்.

இப்போது நினைத்தால் அந்த ‘யாரும் இல்லை’ பாதிதான் உண்மை. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் போனோம் என்பதுதான் மீதிப் பாதி.

மாணவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்கலாம், மூத்தவர்களுக்காகச் சொல்கிறோம். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மெயில் போகிறது, யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் ஃபேஸ்புக்கில் இருப்பவர் எக்ஸ் தளத்தில் இருப்பவருக்குப் பதில் எழுத முடியாது. தொழில்நுட்பத்தால் முடியாததல்ல இது, முதலாளி வேலி போட்டிருக்கிறார். அந்த வேலி இல்லாமல் சமூக ஊடகம் நடத்த ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் ஏற்றது. மாஸ்டடான் அதற்கு முன்பே 2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ என்ற இளைஞர் தொடங்கியது. அது ஒரு மென்பொருள். யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஒவ்வொரு சர்வரும் ஒரு தபால் நிலையம் மாதிரி. உங்கள் பெயருக்குப் பின்னால் சர்வரின் பெயரும் சேர்ந்ததுதான் முழு முகவரி. நீங்கள் எழுதுவது, உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்த சர்வரில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் ஒரு நகலாகப் போய்ச் சேருகிறது.

ப்ளூஸ்கை வேறு வழியில் போகிறது. ஏடி புரோட்டோகால் என்று அதற்குத் தனி விதிமுறை. அங்கே ஒவ்வொருவர் எழுதுவதும் அவரவர் பேரேட்டில் இருக்கிறது. ஒரு பெரிய அஞ்சலோட்டம் எல்லாப் பேரேடுகளையும் படித்து ஒன்றாகத் திரட்டுகிறது. அதிலிருந்துதான் நாம் பார்க்கும் திரை வருகிறது. பேரேட்டை இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போகலாம் என்பது நல்ல விஷயம். திரட்டும் வேலை இன்றும் பெருமளவு ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் பாலங்கள் வந்திருக்கின்றன. பிரிட்ஜி ஃபெட் என்ற பாலத்தின் கணக்கை மாஸ்டடானிலிருந்து நீங்கள் பின்தொடர்ந்தால், நீங்கள் எழுதுவது ப்ளூஸ்கையிலும் தெரியும். அங்கிருந்து வரும் பதில் உங்களுக்கு இங்கே வரும், பதில் எழுதியவரும் பாலத்தில் ஏறியிருந்தால் மட்டும். ஏறாதவர் எழுதியது பதிலாக உங்கள் திரைக்கு வந்து சேராது. 2024 பிப்ரவரியில் இந்தப் பாலத்தை முதலில் அறிவித்தபோது, வேண்டாம் என்று சொல்லாதவர்கள் எல்லோருடைய எழுத்தும் அக்கரைக்குப் போகும் என்றுதான் சொன்னார்கள். மாஸ்டடானில் பெரிய சண்டை. எங்களைக் கேட்காமல் எங்கள் பேச்சை எப்படி இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோகலாம் என்று கேட்டார்கள். அதன் பிறகே சம்மதித்தவர்கள் மட்டும் என்று மாற்றினார்கள். நம் தோழர்களில் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்: பொதுவில் எழுதிவிட்டு இதென்ன கூச்சம் என்று. நாங்கள் சிரிக்கவில்லை. தன் தெருவில் பேசுகிற ஒரு பெண்ணின் பேச்சு, அவளுக்குத் தெரியாமல் ஊர்ச் சாவடியில் ஒலிபெருக்கியில் ஓடினால் என்ன நடக்கும் என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும்.

இனி, அக்கரையில் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். நம் மாணவர்களில் சிலர் இந்தப் பரவலாக்கப்பட்ட ஊடகத்தைச் சொர்க்கம் மாதிரி பேசுகிறார்கள். பெரிய முதலாளி இல்லை என்றால் பெரிய சாதி இல்லை என்று ஆகிவிடாது. கிராமத்தில் எந்தக் கார்ப்பரேட் இருந்தது?

2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் மாஸ்டடானில் மாதந்தோறும் புழங்குகிறவர்கள் 25 லட்சம் பேர் வரை உயர்ந்தார்கள். அந்த அலையில் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் பலரும் வந்தார்கள். தாங்கள் அனுபவித்த இனவெறியைப் பற்றி எழுதியபோது, இதை எச்சரிக்கைத் திரை போட்டு மூடி எழுதுங்கள், படிக்கிறவர்களுக்கு மனம் சங்கடப்படுகிறது என்று அங்கே ஏற்கெனவே இருந்த வெள்ளையர்கள் அவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். பிறர் பதிவை எடுத்துக்காட்டிப் பதில் சொல்லும் வசதி மாஸ்டடானில் பல ஆண்டுகள் இல்லை. அது ஏளனம் செய்யத்தான் பயன்படும் என்று கருதியிருந்தார்கள். கறுப்பினத்தவர்களோ, எங்கள் பேச்சு மரபே அப்படி எடுத்து, திருப்பி, சேர்ந்து பேசுவதுதான் என்றார்கள். 2025இல்தான் அந்த வசதி வந்தது. ஒரு ஊடகத்தின் பொத்தான்கள் யாருடைய பேச்சுப் பழக்கத்தை மனதில் வைத்து அமைக்கப்பட்டன என்பதும் அரசியல்தான்.

மாஸ்டடான் தன் முகப்பில் பட்டியலிடும் சர்வர்களுக்கு 2019 முதல் ஒரு உடன்படிக்கை வைத்திருக்கிறது. நல்ல உடன்படிக்கை. நாள்தோறும் காப்பு நகல் எடுக்க வேண்டும். அட்மினுக்கு ஏதாவது ஆனால் சர்வரைத் திறக்க இன்னொருவராவது இருக்க வேண்டும். மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். இனவெறி, பாலினப் பாகுபாடு, தன்பாலின வெறுப்பு, திருநர் வெறுப்பு ஆகியவற்றுக்கு எதிராக முனைந்து செயல்பட வேண்டும். 2019இல் இதை எழுதியபோது சாதி என்ற சொல் இதில் இல்லை. ஃபேஸ்புக்கின் விதிகளில்கூட அந்தச் சொல் இருக்கிறது. செயலில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கதை. வேறொரு நாட்டில் ஒரு சர்வர் நடத்தும் நல்ல மனதுக்காரரிடம், இன்னார் என்னைச் சாதி சொல்லித் திட்டினார் என்று தமிழில் நீங்கள் முறையிட்டால் அவருக்கு என்ன புரியும்?

நமக்கே அது நேர்ந்தது. பக்கம் போன பிறகு, நம் மாணவர் ஒருவர் மாதம் 1,800 ரூபாய் வாடகையில் ஒரு சின்ன சர்வர் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது வாரமே நின்றுபோனது. மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களின் நகல்கள் எல்லாம் நம் வட்டில் வந்து நிரம்பிவிடும், அவ்வப்போது கழிக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்தோம். பிறகு ஒரு நாள், வெளிநாட்டுச் சர்வர் ஒன்று நம்மை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிட்டது. காரணம் பழைய காரணமேதான்: சாதிப் பெயர்கள் அடங்கிய பதிவுகள். எந்திரத்துக்குப் பதில் ஒரு மனிதர், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசம் சின்னதல்ல. நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். சீனிவாசனின் இதழைப் பற்றியும் எழுதினோம். நான்கு நாளில் பதில் வந்தது, தடையும் நீங்கியது. பெரிய தளத்தில் ஒன்பது ஆண்டுகளில் ஒரு மனிதரின் பதில்கூட நமக்கு வந்ததில்லை.

தடுக்கும் உரிமை வேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். 2019 ஜூலையில் காப் என்ற வலதுசாரித் தளம் மாஸ்டடானின் மென்பொருளையே எடுத்துக்கொண்டு இந்த வலையில் நுழைந்தது. ஏராளமான சர்வர்கள் அதோடு பேச்சை வெட்டிக்கொண்டன. சில செயலிகளைச் செய்தவர்களும் அதைத் தங்கள் செயலியிலேயே தடுத்தார்கள். நமக்கு இது விசித்திரமான அனுபவம். ஊர்க்கட்டுப்பாடு, ஒதுக்கிவைத்தல் என்றால் நாம் எப்போதும் வாங்கும் இடத்தில்தான் இருந்திருக்கிறோம். வெறியனை ஒதுக்கிவைக்க ஒரு கருவி நம் கையிலும் இருப்பது இதுவே முதல் தடவை. அதே கருவி ஒரு பட்டியலாகிக் கைமாறிக் கைமாறிப் போகும்போது, முதலில் எழுதியவரின் தப்பெண்ணமும் கூடவே போகிறது. பட்டியலை வாங்குபவர் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கேட்க வேண்டும். கேட்பவர்கள் குறைவு.

நாம் பார்த்துப் படிக்க வேண்டிய ஒரு முயற்சி ப்ளூஸ்கையில் இருக்கிறது. ரூடி ஃப்ரேசர் என்ற கறுப்பினத் தோழர் 2023இல் பிளாக்ஸ்கை என்று ஒன்றைத் தொடங்கினார். முதலில் அது கறுப்பினத்தவர்களின் பதிவுகளைத் திரட்டித் தரும் ஒரு ஓடை மட்டுமே. பிறகு தங்களுக்கென்று கண்காணிப்புக் குழு வைத்தார்கள், எது இனவெறி என்று தாங்களே தீர்மானித்தார்கள். பிறகு தங்கள் பேரேடுகளை வைக்கத் தங்கள் சர்வர், அஞ்சலோட்டத்தையும் தாங்களே நடத்துவது என்று படிப்படியாகப் போனார்கள். அவர்கள் தனித்தீவாகிவிடவில்லை. எல்லோரோடும் பேசுகிறார்கள், கதவின் தாழ்ப்பாள் மட்டும் அவர்கள் பக்கம் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியபோதும், 1920இல் ‘மூக்நாயக்’ வெளிவரும் செய்தியைக் காசு வாங்கிக்கொண்டு விளம்பரமாகப் போடக்கூட ‘கேசரி’ மறுத்த பிறகு அண்ணல் தன் இதழைக் கொண்டுவந்தபோதும் நடந்தது இதுதான். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு, பின்னாளில் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ இதழை நடத்தினார். ஊர் மாறியது, அச்சகம் மாறியது, இதழ் வந்தது.

களத்தில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு. இதில் கொஞ்சம் நின்று பேசுகிறோம், ஏனென்றால் தவறினால் அடி விழுவது உங்கள் மேல்தான்.

மாஸ்டடானில் தனிச்செய்தி என்று ஒன்று இருக்கிறது. அது பூட்டிய பெட்டி இல்லை. இரண்டு பக்கத்து சர்வர் அட்மின்களும் நினைத்தால் படிக்க முடியும். அதைவிட ஆபத்தான ஒன்று: தோழிக்கு எழுதும் தனிச்செய்தியில், உங்களைத் துன்புறுத்தியவனின் முகவரியை முழுதாக அதன் குறியோடு எழுதிவிட்டால், அந்தச் செய்தி அவனுக்கும் போய்ச் சேரும். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ கிராமத்தையோ அங்கே எழுதாதீர்கள். அதற்கு சிக்னல் இருக்கிறது.

அழித்தால் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அழிக்கச் சொல்லி மற்ற சர்வர்களுக்கு ஒரு கோரிக்கை போகிறது. பெரும்பாலும் கேட்கும். கேட்காத சர்வரில் நகல் நிற்கும். பாலம் வழியாகப் போனதற்கும் இதே கதிதான்.

ப்ளூஸ்கையில் நீங்கள் யாரைத் தடுத்திருக்கிறீர்கள் என்பது பொதுவில் தெரியும் தகவல். நம் பெண் தோழர்கள் பலருக்கு இது தெரியாது. ஒருவனைத் தடுத்ததே அவனுக்குச் சேதியாகி, அதற்காகவே அவன் ஆள் சேர்த்துக்கொண்டு வரலாம்.

ஒரே உரையாடல் ஒவ்வொரு சர்வரிலும் ஒவ்வொரு மாதிரி தெரியலாம். உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த பதில்களை மட்டுமே உங்கள் சர்வர் காட்டும். நம் தோழி ஒருவரின் கவிதைக்கு இருபது வசவுகள் வந்திருந்தன. அவருக்கு அத்தனையும் தெரிந்தன. வேறு சர்வரில் இருந்த நமக்கு இரண்டு பாராட்டுகள் மட்டும் தெரிந்தன. ஏன் யாரும் எனக்காகப் பேசவில்லை என்று அவர் கேட்டபோது நாங்கள் முழித்தோம். அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம்: தோழமைக்குப் போன் செய்து கேட்பது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு, முழு முகவரியோடு வைத்துக்கொள்வது. 2022இல் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி பொதுப் பார்வையில் நடந்ததாகவே கொள்ளப்படும் என்று சொல்லியிருக்கிறது. எழுதியவன் எந்த சர்வரில் இருந்தாலும் இங்கே அதைப் பார்க்க முடிகிறது. புகாரை வாங்க மறுக்கும் நிலையத்தில் இதைச் சொல்லுங்கள்.

த்ரெட்ஸ் விஷயத்தில் மன்றத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மெட்டா நிறுவனம் 2023 டிசம்பரில் த்ரெட்ஸை இந்த வலையோடு இணைத்துச் சோதிக்கத் தொடங்கியது. விருப்பப்பட்டவர்களின் பதிவுகள் மாஸ்டடானுக்கு வருகின்றன. பாதிப்பேர் அதை முழுதாகத் தடுக்க வேண்டும் என்கிறார்கள். மீதிப்பேர், நம் அக்கா தங்கைகள் அங்கேதான் இருக்கிறார்கள், கதவை அடைத்தால் நமக்குத்தான் நஷ்டம் என்கிறார்கள். இப்போதைக்குத் தடுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி எதையும் வைப்பதில்லை.

கடைசியாக, இடம் மாறுவது. மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். 2024 பிப்ரவரியில் குயர்.ஏஎஃப் என்ற சர்வரின் பெயரையே தாலிபான் அரசு முடக்கிவிட்டது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்ட முடிவெழுத்து. அழகான பெயர் என்று எடுத்தார்கள், சாவி காபூலில் இருந்தது. எனவே நம் சர்வரின் பெயரை நம் மன்றத்தின் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறோம், ஆண்டுக் கட்டணத்தை மன்றத்தின் கணக்கிலிருந்து கட்டுகிறோம். மீட்டெடுத்த பேட்டிகள் பதினொன்று. அவற்றை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றைத் தோழரின் வீட்டு அலமாரியில், அந்த நீள நோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

ஒரு குறை மீதி இருக்கிறது. சர்வரைத் திறக்கத் தெரிந்தவர் இன்றைக்கும் ஒரே ஒரு மாணவர்தான். அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் வெளியூர் போகிறார். அவரிடம் ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. புத்தக மேசைக்குப் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகும் முன் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.